நாவு பேசும்போதே வீட்டுக் கணக்கைப் பேசுவோம்



போர்க்கால நாட்களில் நம் இல்லங்கள் பலவற்றில் கதவுக்கு அருகே ஒரு பை தொங்கிக்கொண்டிருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், திருமுழுக்குச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், மிஞ்சிய நகை ஆகியன அதற்குள் இருந்தன. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, வீட்டையும் ஆடுமாடுகளையும் விட்டுவிட்டு அந்தப் பையை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு சென்றவர்கள் பலர். ஆபத்து எந்த வேளையிலும் வரலாம் என்பதை நாம் அறிந்திருந்தோம். ஆகவே ஆயத்தமாக இருந்தோம்.

2009இல் போர் ஓய்ந்தது. பை அலுமாரிக்குள் போயிற்று. ஆனால் ஆபத்து ஓய்ந்துவிடவில்லை. இப்போது அது சத்தமின்றி வருகின்றது. காலையில் திருப்பலிக்குச் சென்று வந்த தந்தை, மதிய உணவுக்குக் கை கழுவும் வேளையில் பாரிசவாதத்தால் விழுகின்றார். வீதி விபத்தொன்றில் தலையில் அடிபட்ட மகன், வாரக்கணக்கில் நினைவின்றிக் கிடக்கின்றான். உயிர் இருக்கின்றது, அதற்காக இறைவனுக்கு நன்றி கூறுகின்றோம். ஆனால் அன்றிரவே வீட்டிலுள்ளோர் அலுமாரியைத் திறந்து அந்தப் பையைக் கீழே கொட்டித் தேடத் தொடங்குகின்றனர். தாள்கள் அனைத்தும் அங்கே இருக்கின்றன. அத்தாள்களின் பொருளை அறிந்த ஒருவரோ, பேச முடியாமல் வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கின்றார்.

பையை ஆயத்தப்படுத்திய நாம், அதைத் திறக்கப்போகும் கைகளை ஆயத்தப்படுத்தினோமா? இவ்வாரம் இந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

ஒரு கரையோரக் குடும்பம்

ஒரு குடும்பத்தை மனக்கண் முன் கொண்டுவருவோம். இது எவருடைய உண்மைக் கதையும் அல்ல. எனினும் வாசிக்கும்போது உங்கள் பங்கில் உள்ள ஏதோவொரு வீடு உங்கள் நினைவுக்கு வரும்.

தந்தை கடற்றொழிலாளர். சொந்தப் படகு, இயந்திரம் வாங்கியதில் இன்னும் கடன் உண்டு. பிடித்த மீனை எவரிடம் கொடுப்பது, முற்பணமாக வாங்கியதில் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதி என்பதெல்லாம் அவருடைய தலைக்குள்ளேயே இருந்தது. மனைவிக்கு அவர் ஒரு குறையும் வைத்ததில்லை. சமையலுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் கேட்ட பணத்தைக் கொடுத்துவிடுவார். “உனக்கு ஏன் இந்தத் தலையிடி? நான் பார்த்துக்கொள்கின்றேன்” என்பது அவர் அன்போடு கூறும் வார்த்தை.

ஒருநாள் அவர் விழுந்தார். மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்படும்போது வலது கையும் காலும் செயலிழப்பதோடு, பேச்சும் தடைப்படுவது பொதுவாகக் காணப்படுவதொன்று. கையெழுத்திடும் கையும், விளக்கம் கூறும் நாவும் ஒரே வேளையில் போய்விடுகின்றன. இக்குடும்பத்திலும் அதுவே நடந்தது.

அடுத்த மாதத்திலேயே கடன்காரர்கள் வந்தனர். ஒருவர் கூறிய தொகை உண்மையா என்பதை அறிய மனைவிக்கு வழியில்லை. மற்றொருவருக்குக் கணவர் இரண்டு இலட்சம் ரூபா கைமாற்றாகக் கொடுத்திருந்தார்; அது அவளுக்குத் தெரியாது, கொடுத்ததற்குத் துண்டொன்றும் இல்லை. வங்கிக் கணக்கு கணவரின் பெயரில் மட்டும் இருந்தது. காப்புறுதித் தவணை கட்டப்படாமல் விடுபட்டது. நிரந்தர இயலாமைக்கு நட்டஈடு தரக்கூடிய காப்புறுதி, அது மிகவும் வேண்டியிருந்த அந்த வேளையிலேயே காலாவதியாயிற்று. சில மாதங்களின் பின் செபப் புத்தகத்தின் நடுவிலிருந்து ஓர் அடகுச் சிட்டை விழுந்தது. மீட்கும் தவணை எப்போதோ கடந்துவிட்டது. அவளுடைய திருமணச் சங்கிலி அது.

அவர் கட்டிலில் இருந்தவாறே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டது விளங்கியது, பதில் கூற இயலவில்லை. இடது கையை உயர்த்துவார், வாய் திறப்பார், கண்ணீர் வரும். நோயின் வேதனையைவிட இது பெரிய வேதனை அல்லவா? சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டவரின் சிலுவை அது. அந்தச் சிலுவையை அவருக்குத் தந்தவர் இறைவன் அல்லர், தள்ளிப்போட்ட நாட்கள்.

நாம் கூறும் காரணங்கள்

இதனை அறிந்திருந்தும் நாம் ஏன் பேசுவதில்லை? மூன்று காரணங்களைக் கூறுவோம்.

முதலாவது, வீட்டாரைக் கவலைப்படுத்தக் கூடாது என்பது. இது அன்பிலிருந்து வருவதே. ஆனால் கவலையை நாம் நீக்கவில்லை. அதனை ஒரு நாளுக்கென்று வட்டியோடு சேர்த்து வைக்கின்றோம். பத்துக் கன்னியர் உவமையை மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம். அறிவிலிகளான ஐவரும் எண்ணெய் கேட்டபோது மற்றவர்களால் கொடுக்க இயலவில்லை. கடைசி நேரத்தில் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றிக்கொடுக்க முடியாதவை சில உண்டு என்பதை அவ்வுவமை நமக்கு உணர்த்துகின்றது. வீட்டுக் கணக்கைப் பற்றிய அறிவும் அத்தகையதே. நேரம் இருக்கும்போது அதனை ஊற்றி வைக்க வேண்டும்.

இரண்டாவது, இத்தகைய விடயங்களைப் பேசுவது அபசகுனம் என்னும் எண்ணம். “வாயால் சொன்னால் வந்துவிடும்” என்று நம் பெரியோர் தடுப்பர். திருச்சபையின் தலைவர்கள் இருவரின் வாழ்வு இதற்கு விடை தருகின்றது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1965ஆம் ஆண்டில் ஒரு கடிதம் எழுதினார். தீராத நோயினால் தமது பணியைச் செய்ய இயலாத நிலை ஏற்படின் தமது பதவி விலகலை ஏற்குமாறு அதில் கேட்டிருந்தார். அக்கடிதம் 2018இல் வெளியிடப்பட்டது. திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களும் 2013ஆம் ஆண்டில், பணி தொடங்கிய சில மாதங்களுக்குள்ளேயே, மருத்துவக் காரணங்களால் செயற்பட முடியாது போனால் பயன்படுத்துமாறு பதவி விலகல் கடிதமொன்றில் கையொப்பமிட்டு, அப்போதைய வத்திக்கான் அரச செயலாளர் கர்தினால் தார்சிசியோ பெர்த்தோனேயிடம் ஒப்படைத்தார். 2022 டிசெம்பரில் ஸ்பானிய நாளிதழொன்றுக்கு அளித்த செவ்வியில் அவரே இதனைக் கூறினார்.

கடிதம் எழுதியதனால் அவர்களுக்குத் தீமை விரைந்து வந்ததா? ஆறாம் பவுல் அதன்பின் 13 ஆண்டுகள், 1978இல் இறக்கும்வரை பணியாற்றினார். பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 21வரை மந்தையை வழிநடத்தினார். இருவரது கடிதங்களுக்கும் தேவை ஏற்படவில்லை. ஆயினும் அவை இருந்தன. உலகளாவிய திருச்சபையின் மேய்ப்பர்களே, தாம் ஒருநாள் செயலிழக்கலாம் என்பதை வெட்கமின்றி எழுதி வைத்தனர் என்றால், ஒரு வீட்டின் தலைவர் எழுதி வைப்பதில் என்ன அபசகுனம் இருக்கின்றது?

மூன்றாவது காரணத்தை நாம் வாய்விட்டுக் கூறுவதில்லை. அதுவே உண்மையான காரணம். அது வெட்கம். மனைவிக்குத் தெரியாமல் வாங்கிய கடன், தங்கைக்கு இரகசியமாகக் கொடுத்த பணம், சீட்டில் இழந்த தொகை, மதுவுக்குச் சென்ற பணம், கணவருக்குத் தெரியாமல் அடகு வைத்த வளையல் ஆகியன கணக்கைத் திறந்தால் வெளியே வரும். ஆகவே கணக்கைத் திறப்பதற்கு முன் மனத்தைத் திறக்க வேண்டியிருக்கின்றது. ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் கற்றுக்கொள்வது இதைத்தானே? மறைத்து வைக்கும் வரைதான் சுமை. அறிக்கையிட்டபின் அதனைச் சுமக்க இன்னொருவரும் துணைக்கு வருகின்றார். திருமணப் பீடத்தின் முன் நலத்திலும் நோயிலும் உண்மையாக இருப்போம் என்று நாம் வாக்களித்தோம். நோய்க்காலத்து உண்மை, நலமாக இருக்கும் காலத்திலேயே தொடங்குகின்றது.

ஒரு கொப்பியும் ஒரு மாலைப்பொழுதும்

தொடங்குவது கடினமன்று. ஒரு சாதாரணக் கொப்பியை எடுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தமர்ந்து ஆறு விடயங்களை எழுதுங்கள். மாதாந்தம் வீட்டுக்கு வரும் பணம் எவ்வளவு, எங்கிருந்து வருகின்றது. தவறாது கட்ட வேண்டியவை எவை, எந்தத் திகதியில். நாம் எவருக்குக் கொடுக்க வேண்டும். எவர் நமக்குத் தர வேண்டும். எந்தப் பத்திரம் எங்கே இருக்கின்றது. எந்தக் காரியத்துக்கு எவரைக் கேட்பது. மளிகைக் கடைக் கொப்பியிலுள்ள பாக்கியும், முச்சக்கர வண்டியின் லீசிங் தவணையும், பிடித்து வரும் சீட்டும், அடகுச் சிட்டைகளின் மீட்புத் திகதியும் இதில் அடங்க வேண்டும். வெளிநாட்டிலுள்ள மகன் பணம் அனுப்புவாராயின், அது எந்தக் கணக்குக்கு, எவருடைய பெயருக்கு வருகின்றது என்பதையும் எழுதுங்கள்.

எழுதுவதோடு நின்றுவிடாதீர்கள். நீச்சலைக் கொப்பியில் படித்துக் கற்க முடியாது. ஒரு மாதம் மின்சார, நீர்க் கட்டணங்களை மனைவி கட்டட்டும். வங்கிக்கு இருவரும் ஒன்றாகச் சென்று முகாமையாளருக்கு அறிமுகமாகுங்கள். வளர்ந்த பிள்ளைகளில் ஒருவரையேனும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். சில இல்லங்களில் நிலைமை தலைகீழாக இருக்கும். சீட்டும் அடகும் சிக்கனமும் தாயின் கையிலேயே இருக்கும். தந்தைக்கு அரிசியின் விலைகூடத் தெரியாது. அங்கே கற்க வேண்டியவர் தந்தை. நோய் ஆண், பெண் என்று பார்த்து வருவதில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை அக்கொப்பியைப் புதுப்பியுங்கள். புனித சூசையப்பர் திருநாளாகிய மார்ச் 19ஐ அதற்கெனக் குறித்துக்கொள்ளலாம். திருக்குடும்பத்தை உழைத்துக் காத்த அப்புனிதரை நல்மரணத்தின் பாதுகாவலராகவும் நாம் போற்றுகின்றோம் அல்லவா?

அறிந்திருக்க வேண்டிய சில விடயங்கள்

வங்கிக் கணக்குக்குப் பின்னுரித்தாளர் ஒருவரின் பெயரைக் கொடுத்திருந்தால் போதும் என்று பலர் நினைக்கின்றனர். அந்த நியமனம் கணக்கு உரிமையாளர் இறந்தபின்னரே பயன் தரும். அவர் உயிரோடு இருந்து, கையொப்பமிட இயலாது கிடக்கும் காலத்தில் அதனால் பணம் எடுக்க முடியாது. மரணசாசனமும் அவ்வாறே. ஆகவே வீட்டுச் செலவுக்குரிய கணக்கையேனும் கணவன் மனைவி இருவரின் பெயரிலும் கூட்டுக் கணக்காக வைத்திருப்பது நல்லது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. இருவரும் சேர்ந்தே ஒப்பமிட வேண்டும் என்று பதிந்திருந்தால், ஒருவர் விழுந்தவுடன் கணக்கும் முடங்கிவிடும். இருவரில் எவரும் தனித்து இயக்கலாம் என்று பதிந்திருக்கின்றதா என்பதை வங்கியில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். அட்டையின் இரகசிய இலக்கத்தைச் சுவரில் எழுதி வைப்பது இதற்கு மாற்று ஆகாது. அது திருடனுக்கே உதவும்.

தனியார் துறையில் தொழில் புரிவோருக்கு ஊழியர் சேமலாப நிதி உண்டு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அது உருவானது. ஊழியரின் சம்பளத்தில் 8 சதவீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 சதவீதமும் அதற்குச் செல்கின்றன. இதைவிட ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் 3 சதவீதம் செலுத்துகின்றார். ஓய்வு பெறும் வயதுக்கு முன்னரே நிரந்தரமாகவும் முழுமையாகவும் வேலை செய்ய இயலாது போனவர், மருத்துவச் சான்றிதழோடு தம் சேமலாப நிதியைக் கோரலாம். இதனை அறியாமல் வட்டிக்குக் கடன் வாங்கும் குடும்பங்கள் உண்டு. அங்கத்துவ இலக்கத்தையும் தொழில்தருநரின் இலக்கத்தையும் கொப்பியில் எழுதி வையுங்கள்.

அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்பது இன்னொரு நம்பிக்கை. அதனை எழுதிக் கொடுப்பவர் தெளிந்த மனத்தோடு இருக்கும்போதே கொடுக்க வேண்டும். நினைவிழந்து கிடப்பவரின் விரலைப் பிடித்துத் தாளில் பதிப்பது சட்டத்துக்கும் மனச்சாட்சிக்கும் ஒவ்வாத செயல். அத்துடன், கொடுத்தவர் பின்னர் சிந்திக்கும் ஆற்றலை முற்றாக இழந்துவிட்டால் முன்பு கொடுத்த சாதாரண அற்றோணித் தத்துவத்தின் வலுவும் கேள்விக்குள்ளாகும். அந்நிலையில் மாவட்ட நீதிமன்றத்தை நாடி, அவருடைய சொத்தைப் பராமரிக்க முகாமையாளர் ஒருவரை நியமிக்குமாறு கேட்க நேரிடும். இதற்குக் காலமும் செலவும் ஆகும். எனவே முன்கூட்டியே ஒரு சட்டத்தரணியிடம் ஆலோசனை பெறுவது மேல்.

தேசவழமைக்கு உட்பட்ட வடபகுதிக் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய விடயமும் ஒன்றுண்டு. நம் பகுதியில் சீதனக் காணி பெரும்பாலும் மனைவியின் பெயரிலேயே இருக்கும். ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், மனைவி தன் அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தை வேண்டி நின்றது. கணவன் மனநலம் இழந்த நிலையில் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறும் வழியையும் அதுவே வகுத்தது. உங்கள் காணிக்கு இது எவ்வாறு பொருந்தும் என்பதை நொத்தாரிசிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியசாலைச் செலவுக்குக் காணியை விற்க ஓடும் நாளில் அறிந்துகொள்ள வேண்டிய செய்தியன்று இது.

அச்சத்தினால் அனைத்தையும் பிள்ளைகளின் பெயருக்கு உடனே எழுதிவிடவும் வேண்டாம். வீட்டை நன்கொடையாக எழுதும் பெற்றோர் தமக்கெனச் சீவிய உருத்தை வைத்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கின்றது. கணக்கைப் பகிர்வது வேறு. கையில் உள்ளதை எல்லாம் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பது வேறு.

கட்டிலில் கிடப்பவரும் குடும்பத் தலைவரே

எல்லா ஆயத்தமும் செய்தபின் ஒருநாள் நோய் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது இன்னொரு கடமை எழுகின்றது. நோயாளியின் தலைமாட்டில் நின்று பணத்தைப் பற்றிச் சண்டையிடாதீர்கள். பேச முடியாதவர்கள் பலருக்குக் கேட்பது விளங்கும். பணப் பொறுப்பை ஏற்ற மகன், மாத இறுதியில் கொப்பியை எடுத்துச் சென்று, “அப்பா, இம்மாதம் படகுக் கடனைக் கட்டிவிட்டோம்” என்று காட்டட்டும். தலையசைத்தோ கண் சிமிட்டியோ சம்மதம் கூறக்கூடியவரிடம் சம்மதம் கேளுங்கள். உழைத்துச் சேர்த்தவர் அவர். நோய் அவருடைய கையைத்தான் எடுத்தது. அவருடைய இடத்தை அன்று. சகோதரர்களுக்குள் ஐயம் எழாதிருக்க, செலவுத் துண்டுகளைச் சேர்த்து வைத்து அனைவருக்கும் காட்டுங்கள்.

பங்குத்தந்தையை அழைக்கவும் தாமதிக்க வேண்டாம். நோயில் பூசுதல் இறக்கும் தறுவாயில் உள்ளோருக்கு மட்டும் உரியதன்று. கடும் நோயாலும் முதுமையாலும் ஆபத்தை எதிர்நோக்குவோருக்குத் திடன் தரும் அருட்சாதனம் அது. அதுபோல நம் அன்பியங்களும் வின்சென்ட் டி போல் சபையினரும் ஓர் உதவி செய்யலாம். பங்கிலுள்ள சட்டத்தரணி ஒருவரையும் வங்கி ஊழியர் ஒருவரையும் ஒரு மாலையில் அழைத்து, மக்களின் ஐயங்களைக் கேட்கச் செய்யலாம். நோயுற்ற குடும்பத்துக்கு உணவு கொண்டு செல்லும் நம் அன்பு, அலுவலக வாசல்களில் அலையும் தாய்க்குத் துணையாகவும் செல்லட்டும்.

சிலுவையில் தொங்கிய நேரத்தில் ஆண்டவர் என்ன செய்தார் என்பதை யோவான் நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் காண்கின்றோம். கைகள் ஆணிகளால் அறையப்பட்டிருந்தன. தாயைத் தொட்டுத் தேற்றவும் இயலாது. இருந்தும், நாவு பேசக்கூடியதாக இருந்த அந்த நேரத்திலே, தம் தாய் இனி எவருடைய வீட்டில் இருப்பார் என்பதை அவர் ஏற்பாடு செய்தார். உலக மீட்பு என்னும் பெரும் பணியின் நடுவிலும் ஒரு விதவைத் தாயின் இருப்பிடம் அவருக்குச் சிறிய விடயமாகத் தோன்றவில்லை.

அன்பார்ந்தவர்களே, இன்று உங்கள் நாவு பேசுகின்றது. உங்கள் வலது கை எழுதுகின்றது. இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்தபின், விளக்கை அணைக்குமுன், அலுமாரியிலுள்ள அந்தப் பழைய பையை வெளியே எடுங்கள். துணைவரையும் பிள்ளைகளையும் அருகில் அமர்த்தி, ஒவ்வொரு தாளையும் காட்டி, இது இன்னது என்று சொல்லுங்கள். மறைத்தது ஏதேனும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். முதல் நாள் ஒரு தாள் போதும்.

நாசரேத்தூர்த் திருக்குடும்பத்தைக் காத்த இறைவன் நம் இல்லங்களையும் காப்பாராக.